பெட்டிக்கு நான் சொன்ன திகதி

பழைய கணினித் தட்டொன்றின் கறுப்பு உறையில், மேல் மூலையில் ஒட்டியிருக்கும் சிறிய லேபிளில் நீல மையால் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "சங்கம். படகு, வலை, ஆட்கள். 08.03.89." எழுத்து மாமாவுடையது. 1989 மார்ச் 8 புதன்கிழமை, தவக்காலம். மறுநாள் வியாழன் காலை அவர் ஊர்காவற்றுறைத் துறையில் படகேறினார். படகும் திரும்பவில்லை, அதில் போனவர்களும் திரும்பவில்லை. இந்த இரண்டு திகதிகளிலும் எனக்கு ஐயமில்லை. ஐயம் இன்னொன்றில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மாமா என்பது என் அப்பாவின் அக்காவுடைய கணவர். கடற்றொழிலாளர் சங்கம் ஒன்றில் எழுத்துவேலை பார்த்தவர். சங்கத்துக்கு எங்கிருந்தோ உதவியாக ஒரு கணினி வந்திருந்தது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து விழும் பழைய வகை. பின்னேரங்களில் மாமா பெயர்களை வாசிக்க, மாமி பக்கத்துக் கதிரையில் இருந்து ஒற்றை விரலால் தட்டுவாராம். பிறகு வந்த இடப்பெயர்வுகளில் சங்கக் கட்டடத்தின் கூரை போயிற்று, கணினியும் போயிற்று. மாமி, பெயர்களைப் பதிந்துவைத்த அந்த நெகிழ்தட்டை மட்டும் பெரிய வேதாகமத்துக்குள் வைத்து, போன இடமெல்லாம் கொண்டுபோய், திரும்பவும் ஊருக்கே கொண்டுவந்து சேர்த்தார். நான் பிறந்தது 1993இல். மாமாவை அலுமாரிக் கண்ணாடியின் ஓரத்தில் செருகியிருந்த படத்தில்தான் எனக்குத் தெரியும்.

எங்கள் கோயில் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. நவம்பர் 2 மரித்தோர் நாள். அதற்கு முந்திய வாரம் கோயில் மூப்பர் ஒரு கொப்பியோடு வீடு வீடாக வருவார். ஒவ்வொரு குடும்பமும் தன் இறந்தவர்களின் பெயர்களைச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டு போவார். அன்றைய பூசையில் அந்தப் பெயர்கள் வாசிக்கப்படும். மாமி மூன்று பெயர் சொல்லுவார்: தாய், தகப்பன், பிறந்து நாலாம் நாள் இறந்த பிள்ளை. மூப்பர் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி சற்று நேரம் நிற்பார்.

"அவ்வளவுதான்," என்பார் மாமி.

மூப்பர் கொப்பியை மூடுவார். ஒவ்வொரு வருடமும் இப்படித்தான் நடந்ததாக அப்பா சொல்லுவார். நானே நேரில் பார்த்தது இரண்டு முறை.

2003ஆம் ஆண்டு சண்டை நின்று, தெற்குக்குப் போகும் பாதை திறந்திருந்தது. திறந்த பாதையால் பலவிதமான ஆட்கள் வந்தார்கள். தெற்கில் ஒரு மறியலில், சிறைக்குள், மாமாவின் சாடையில் ஒருவரைக் கண்டதாக ஒருவன் சொன்னான். அது வேறு இடம் என்று இன்னொருவன் சொன்னான். மாமி படத்தை எடுத்துக்கொண்டு மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறினார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெலிந்து, இருமலோடு திரும்பினார். செப்ரெம்பரில் வவுனியா பஸ் நிலையத்தில் மயங்கி விழுந்தவரை யாரோ முன்பின் தெரியாதவர்கள் கொண்டுவந்து விட்டார்கள். அன்று என் சித்தப்பா, அதாவது மாமியின் கடைசித் தம்பி, எங்கள் வளவுக்குக் கேட்கச் சத்தம் போட்டார்.

"பதினாலு வருசம் அக்கா! இன்னும் எத்தினை மறியல் வாசலிலை போய் நிக்கப் போறியள்? அடுத்த முறை பெட்டியிலைதான் வருவியள்."

மாமிக்குக் கோபமே வரவில்லை. "அந்த மனுசன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் போயிராது, தம்பி. அந்தத் தட்டிலை எனக்கெண்டு ஏதோ எழுதி வைச்சிருக்கு. அதை ஒருக்கா வாசிச்சுக் காட்டு. அதுக்குப் பிறகு நீ சொல்லுறதைக் கேக்கிறன்."

சித்தப்பா ஊர்காவற்றுறையில் ரேடியோ, ரீவி திருத்துகிறவர். மாமா போன படகில் தானும் போயிருக்க வேண்டியவர். காய்ச்சலென்று அன்று நின்றுவிட்டார். இதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

ஒக்ரோபர் 20, திங்கட்கிழமை, சித்தப்பா யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட பழைய கணினி ஒன்றைப் பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கினார். "அண்ணை, இந்த ஆளுக்கும் ரிக்கற் எடுக்கவேணும்" என்று கொண்டக்டர் சொன்னாராம். அதை மாமியின் முன்கூடத்து மேசையில் வைத்தார்கள். பக்கத்து வீட்டு ஜெனரேற்றரிலிருந்து ஒரு வயர் இழுத்தார்கள். எங்கள் பக்கத்துக்கு அப்போது மின்சாரம் வந்திருக்கவில்லை. ரீவி எங்கள் வீட்டில் கார் பற்றரியில் ஓடியது.

மாமியின் தட்டை உள்ளே விட்டு மூடியதும் பெட்டி 'டக், டக், டக்' என்று தலையை முட்டிக்கொண்டது. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. மாமி ஓடிவந்து "தட்டை எடு, தட்டை எடு" என்று கத்தியபோது சிரிப்பு நின்றுவிட்டது.

"பயப்பிடாதையுங்கோ அக்கா. இதுக்குக் கண் தெரியேல்லை," என்றார் சித்தப்பா.

சென்சரைத்தான் அவர் கண் என்றார். அந்தப் பெட்டிக்கு மூன்று கண்கள். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஒளியைத் தரும் சிறு விளக்கு, எதிர்ப்பக்கம் அந்த ஒளியை வாங்கிக்கொள்ளும் ஒரு துண்டு. வாசிக்கும் தலை தன் முதல் வளையத்துக்குத் திரும்பிவிட்டதா என்று முதலாவது கண் பார்க்கும். தட்டு ஒரு சுற்று முடித்ததா என்று இரண்டாவது பார்க்கும். மூன்றாவது கண் பார்ப்பது உறையின் ஓரத்தில் வெட்டியிருக்கும் சிறு பள்ளத்தை. வருடக்கணக்கில் எரிந்ததில் விளக்குகள் மங்கிவிடும். எங்கள் உப்புக்காற்று அவற்றின் முகத்தில் பால்போல் படிந்துவிடும். முதலாவது கண் குருடானால் தலை தான் வந்து சேர்ந்தது தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டே இருக்கும்.

பழைய மவுஸ் ஒன்றைப் பிளந்து, அதற்குள் உருளும் பந்தைப் பார்க்கும் கண்களில் ஒன்றை எடுத்துச் சித்தப்பா இங்கே வைத்தார். பொருத்தி, ஈயம் ஒட்டி, அளந்து, கழற்றி, அரை மில்லிமீற்றர் தள்ளி, மறுபடி பொருத்தினார். மூன்று நாள் சென்றது. இன்னொரு கண்ணுக்காக எங்கள் வீட்டு ரீவி ரிமோட்டின் மூக்கிலிருந்த விளக்கையும் கழற்றிக்கொண்டு போனார்.

"எழும்பிப் போய்ச் சனல் மாத்திறது உடம்புக்கு நல்லதாமோ எண்டு உன்ரை சித்தப்பாவைக் கேள்," என்றார் அம்மா.

இனி என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது பத்து வயது. அந்த வருடம் தைமாதம் அப்பா வாங்கித்தந்த தடித்த கொப்பியில் தினமும் திகதியிட்டு இரண்டு வரி எழுதுவேன். வீட்டில் நாட்காட்டித் தாள் கிழிக்கும் உரிமையும் எனக்குத்தான். "இண்டைக்கு என்ன திகதி?" என்று வளவில் யார் கேட்டாலும் என்னைத்தான் கேட்பார்கள். அந்தப் பதவியை நான் மிகவும் பெரிதாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

23ஆம் திகதி வியாழன் பின்னேரம் முட்டும் சத்தம் நின்றது. பெட்டி மெல்ல உறுமியது. பச்சை எழுத்தில் பெயர்களின் வரிசை ஒன்று திரையில் விழுந்தது. நான் கைதட்டினேன். சித்தப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஒரு பெயரைத் திறந்தார், படகுகள். இன்னொன்று, வலைகள். பிறகு இன்னொன்றைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஆங்கில எழுத்தில் அடித்த தமிழாக இருந்தபடியால் எனக்கு வாசிக்கப் பிந்தியது. முதல் வரியை எழுத்துக்கூட்டி முடிக்கமுன் அவர் அணைத்துவிட்டார்.

குசினியிலிருந்து மாமி கேட்டார்: "தம்பி, ஏதும் வருதோ?"

"இல்லை அக்கா. இன்னொரு கண்ணும் பழுது."

நான் இரகசியமாகக் கேட்டேன். "வாசிச்சதுதானே, சித்தப்பா?"

"வாசிக்குது," என்றார். "எழுதத்தான் ஏலாமல் கிடக்கு."

இதில் எனக்கு ஒன்றும் பிழையாகத் தெரியவில்லை. பழுது என்றால் திருத்தத்தானே வேண்டும்.

24ஆம் திகதி வெள்ளி முழுநாளும் அவர் மூன்றாவது கண்ணில் வேலை செய்தார். அந்தக் கண்ணின் வேலையை இன்றைக்கு நான் தெளிவாகச் சொல்லலாம். உறையின் ஓரத்துப் பள்ளம் திறந்திருந்தால் ஒளி அதனூடே போகும், தட்டில் எழுதலாம். பள்ளத்தை ஒட்டி மூடினாலோ, கண் குருடானாலோ, எழுத முடியாது. வாசிப்பதற்கு அந்தக் கண் தேவையே இல்லை. மாமா அந்தப் பள்ளத்தை ஒரு வெள்ளித்தாள் துண்டால் ஒட்டி மூடியிருந்தார். சித்தப்பா அதை நகத்தால் உரித்துக் கீழே போட்டார். அழகாக மினுங்கியதால் நான் அதை எடுத்து என் கொப்பியில் அன்றைய திகதிக்குக் கீழே ஒட்டினேன். இன்னும் இருக்கிறது.

சனிக்கிழமை, ஒக்ரோபர் 25. மாமி செபமாலைக்குக் கோயிலுக்குப் போயிருந்தார். பெட்டிக்குத் தனக்கென்று நேரம் வைத்துக்கொள்ளத் தெரியாது. ஒவ்வொரு முறை போடும்போதும் முதலில் இன்றைய திகதியைக் கேட்கும். அதற்குத் திகதி சொல்லும் வேலையைச் சித்தப்பா எனக்குத் தந்தார்.

"எண்பத்தொன்பது, மூண்டாம் மாதம், எட்டு எண்டு அடி," என்றபடி ஜெனரேற்றருக்கு எண்ணெய் விடப் போனார்.

எனக்குத் திகைப்பாக இருந்தது. அன்று காலையில்தான் 25ஐ வெளியே காட்டி நாட்காட்டியைக் கிழித்திருந்தேன். பெட்டி கேட்டது இன்றைய திகதி. பெரியவர்களுக்குத் திகதி பிழைப்பது எனக்குப் புதிதல்ல. வழக்கமாகச் சொல்லித் திருத்துவேன், அவர்கள் சிரிப்பார்கள். அன்று அவர் அங்கே இல்லை. பத்து, இருபத்தைந்து, மூன்று என்று அடித்தேன். பெட்டி பிழை என்றது. மறுபடி அடித்தேன், மறுபடியும் பிழை என்றது. அது உருவான காலத்தில் இந்த நூற்றாண்டை இரண்டு இலக்கத்தில் யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. பிறகு 2003 என்று நான்கு இலக்கத்தையும் அடித்தேன். ஏற்றுக்கொண்டது.

சித்தப்பா திரும்பி வந்தார். "சொன்ன திகதியைத்தானே அடிச்சனீ?"

"ஓம்," என்றேன்.

ஏன் பொய் சொன்னேன் என்று சரியாகத் தெரியவில்லை. விளக்கிச் சொல்ல நேரமில்லை என்று நினைத்திருப்பேன்.

என்னை வெளியே விளையாட அனுப்பிவிட்டு அவர் அடிக்கத் தொடங்கினார். திருத்துகிறவர் இவ்வளவு அடிக்க என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. வேலியோரம் நின்று பார்த்தபோது அவர் இடையிடையே கையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்ப்பது தெரிந்தது.

ஐந்து மணியளவில் மாமி வந்தார்.

"அக்கா, வாங்கோ. கிடைச்சிட்டுது," என்றார் சித்தப்பா.

மாமி முக்காட்டை எடுக்காமலே கதிரையில் இருந்தார். உதடு அசைய மெல்ல வாசித்தார். அதில் எனக்கு நினைவிருப்பது மாமி சத்தமாக வாசித்த பகுதி மட்டும்: "இந்தப் பயணம் எனக்கு நல்லதாகப் படவில்லை. ஒரு வருடத்துக்குள் நான் வராவிட்டால் தேடி அலைய வேண்டாம். கோயிலில் என் பெயரைக் கொடும்."

முடிந்ததும் கையை நெஞ்சில் வைத்தபடி இருந்தார். அழவில்லை. பிறகு சொன்னார்: "தம்பி, தொண்டை காயுது. ஒரு செம்பு தண்ணி மொண்டு வா. கிணத்துத் தண்ணி."

சித்தப்பா உடனே எழுந்து போனார். அவர் போனதும் மாமி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். ஒற்றை விரலால் சில எழுத்துகள் தட்டினார். பெயர் வரிசை திரையில் விழுந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அது எழுதப்பட்ட திகதி இருந்தது. அவருடைய விரல் கடைசி வரியில் போய் நின்றது.

"பெட்டிக்குத் திகதி சொன்னது ஆர்?"

"நான்தான், மாமி."

"இண்டைக்கு என்ன திகதி?"

"இருபத்தஞ்சு, மாமி. ஒக்ரோபர். சித்தப்பா பிழையாச் சொன்னவர். நான் சரியா அடிச்சனான்."

மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் அதற்கு முன் கண்டதில்லை. என் தலையில் கை வைத்தார். கை கனமாக இருந்தது.

"சரியாத்தான் அடிச்சிருக்கிறாய். சித்தப்பாவுக்குச் சொல்லாதை, என்ன? போ, போய்த் துலாவைப் பிடிச்சு விடு. தனிய அள்ளுறான்."

நான் பெருமையோடு ஓடினேன். கிணற்றடியில் சித்தப்பா செம்பை நிறைத்துவிட்டு, துலாக்கயிற்றைப் பிடித்தபடி சும்மா நின்றிருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைக் கழுவினார். நாங்கள் திரும்பி நடக்கும்போது முன்கூடத்திலிருந்து விசை தட்டும் ஓசை கேட்டது. ஒன்று, பிறகு ஒன்று. நாங்கள் வாசலுக்கு வந்தபோது திரையில் எதுவும் இல்லை. ஒரு சிறு கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. மாமி தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"நீ சொன்னபடி கேக்கிறன், தம்பி," என்றார்.

28ஆம் திகதி செவ்வாய் மூப்பர் கொப்பியோடு வந்தார். மாமி மூன்று பெயர் சொன்னார். மூப்பர் வழக்கம்போலப் பேனையைத் தூக்கினார். மாமி நாலாவது பெயரைச் சொன்னார். மூப்பர் உடனே எழுதவில்லை.

"நல்லா யோசிச்சோ, பிள்ளை?"

"எழுதுங்கோ," என்றார் மாமி.

சித்தப்பா படலையடியில் நின்றிருந்தார். அவர் நினைத்தது நடந்துவிட்டது, சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். அவர் படலைத் தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றார். மாமி அவரைக் கடந்து குசினிக்குப் போகும்போது ஒரு கணம் நின்று அவருடைய சேட் கொலரைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

நவம்பர் 1 சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சித்தப்பாவுக்குப் பொய் சொன்னதைச் சொன்னேன். என்ன பொய் என்று சுவாமி கேட்டார். திகதி என்றேன். மூன்று 'அருள்நிறைந்த மரியாயே' செபம் சொல்லச் சொன்னார். என் கொப்பியில் அன்றைக்குரிய இரண்டு வரி இது: "பாவம் போய்விட்டது. மழை இல்லை." மறுநாள் பூசையில் மாமாவின் பெயர் வாசிக்கப்பட்டது. மாமி முழங்காலிலிருந்து எழும்ப வெகுநேரமாயிற்று.

அதன்பிறகு மாமி எந்த மறியலுக்கும் போகவில்லை. அலுமாரிக் கண்ணாடியிலிருந்த படத்தை எடுத்துச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். அதன் கீழே ஒரு சிறு விளக்கு வைத்தார். 2021இல் இறக்கும்வரை அந்தக் கடிதத்தைப் பற்றி என்னிடமோ, எனக்குத் தெரிந்து வேறு யாரிடமோ, ஒரு சொல் பேசவில்லை. தட்டு வேதாகமத்துக்குள் இருந்தது. வேதாகமம் எனக்கு வந்தது.

சித்தப்பா எழுதியதுதான் அந்தக் கடிதம் என்பதை நான் பதினாறு, பதினேழு வயதில் விளங்கிக்கொண்டேன். என் திகதியால் மாமிக்கு அது அன்றே தெரிந்துவிட்டது என்பதை விளங்கிக்கொள்ள இன்னும் சில வருடங்கள் சென்றன. அதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். தெரிந்துகொண்டே தம்பிக்காக ஏற்றுக்கொண்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அது ஆறுதலாகவும் இருந்தது.

போன வருடம் சித்தப்பாவின் பழைய கடைச் சாமான்களை ஒதுக்கும்போது அந்தப் பெட்டி அகப்பட்டது. போட்டதும் 'டக், டக்' என்றது. கண்கள் மறுபடி மங்கிவிட்டிருந்தன. யாழ்ப்பாணத்தில் ஒரு கணினிக் கடையில் பந்து வைத்த மவுஸ் கேட்டேன். "அக்கா, நீங்கள் கேக்கிறது நான் பிறக்க முந்தின சாமான்," என்று அந்தப் பையன் சிரித்தாலும், பின்னறையில் தேடி இரண்டு எடுத்துத் தந்தான். சித்தப்பாவிடம் இல்லாத ஒரு வசதி எனக்கு இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி, கைத்தொலைபேசிக் கமராவில் மங்கலான ஊதாவாகத் தெரியும். முதல் இரண்டு கண்களையும் மாற்றினேன். மூன்றாவதை, எழுதவிடும் கண்ணை, வேண்டுமென்றே தொடவில்லை.

தட்டு வாசித்தது. சங்கப் பட்டியல்கள் நான்கு. சித்தப்பாவின் கடிதம் ஒன்று, 2003 ஒக்ரோபர் 25. இவற்றோடு அழிக்கப்பட்ட கோப்பு ஒன்றின் தடமும் இருந்தது. இந்த வகைக் கணினியில் ஒரு கோப்பை அழித்தால் அதன் பெயரின் முதல் எழுத்து மட்டும் போகும். மீதிப் பெயரும் அது எழுதப்பட்ட திகதியும் இடத்திலேயே கிடக்கும். மீதி எழுத்துகளை வைத்துப் பார்த்தால் அதன் பெயர் 'கடிதம்'. திகதி 1989 மார்ச் 8. நேரம் இரவு ஒன்பதைத் தாண்டி இருந்தது. அதன் உள்ளடக்கம் இருந்த வளையத்தில் பூஞ்சணம் பிடித்து மேற்பூச்சு உரிந்துவிட்டது. ஒரு சொல்லும் வரவில்லை.

மாமி சொன்னது சரி. மாமா ஏதோ எழுதித்தான் வைத்திருந்தார். அந்த வியாழக்கிழமை சித்தப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். நான் முதல் வரியை எழுத்துக்கூட்டி முடிக்காமல் விட்டதும் அதுதான். அக்காவுக்கு அதைக் காட்டக்கூடாது என்று ஒருவரை நினைக்கவைக்கும் அளவுக்கு அதில் என்ன இருந்தது என்பது இனித் தெரியாது.

யார் அழித்தது என்பதில் ஓரளவு சொல்லலாம். மாமா அழிக்கவில்லை. புதிதாக எழுதும் கோப்பு, முன்பு அழிந்த பெயரின் இடத்தைத்தான் முதலில் பிடிக்கும். சித்தப்பாவின் கடிதம் அந்த இடத்தைப் பிடிக்கவில்லை. ஆகவே 'கடிதம்' அழிந்தது அதற்குப் பிறகு. அன்றைக்குப் பிறகு பெட்டி சித்தப்பாவின் கடைக்குப் போயிற்று, தட்டு வேதாகமத்துக்குப் போயிற்று. இரண்டும் மறுபடி சேர்ந்ததாக யாரும் அறியார். எனவே அது அந்தச் சனிக்கிழமை பின்னேரம். ஒன்றில், அக்காவைக் கூப்பிட முன் சித்தப்பா அழித்திருக்க வேண்டும். அல்லது நான் கிணற்றடிக்குப் போயிருந்த அந்தச் சில நிமிடங்களில் மாமி அதைத் திறந்து, வாசித்து, தன் ஒற்றை விரலால் அழித்திருக்க வேண்டும். பெட்டி எழுதிய திகதியை மட்டும்தான் வைத்திருக்கும். அழித்த திகதியையும் அழித்த கையையும் எங்கும் குறித்துவைப்பதில்லை. மாமி வரிசையைத் திரையில் கொண்டுவந்தபோது அதில் எத்தனை பெயர்கள் இருந்தன என்று பக்கத்தில் நின்ற நான் எண்ணவில்லை. கொப்பியில் அன்றைக்கு எழுதியிருப்பது: "இன்று பெட்டி திருந்தியது. திகதி நான் அடித்தேன்."

சித்தப்பா இப்போது யாழ்ப்பாணத்தில் மகனோடு இருக்கிறார். கை நடுங்குகிறது, நினைவு நன்றாக இருக்கிறது. இரண்டு முறை போய் வந்தேன். கேட்கவில்லை. இதை எழுதும்வரை அந்தக் கோப்பை அழித்தவர் யார் என்பது உறுதிப்படுத்தப்படவில்லை.